புரொபேட் கட்டாயம் நீங்கிய பிறகு: வீட்டையும் பணத்தையும் வாரிசுக்குச் சேர்க்கும் வழிகள்

சென்னை மாநகருக்குள் வீடு வைத்திருந்த ஓர் இந்து, உயில் எழுதிவிட்டுக் காலமானால், அந்த உயில் கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதே ஒன்றரை நூற்றாண்டாக இருந்த நிலை. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் புரொபேட்டை வாங்கிய பிறகே, அந்த உயிலை வைத்து ஒரு வழக்கில் உரிமை கோர முடிந்தது. அதே மனிதர் மதுரையில் இருந்துகொண்டு மதுரை வீட்டுக்கு உயில் எழுதியிருந்தால் இந்தக் கட்டாயம் இருக்கவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு விதித்திருந்த இந்த வேறுபாட்டை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்து மற்றும் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. புரொபேட் இனி விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

இந்த ஒரு மாற்றம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சொத்தைக் கைமாற்றும் வழிகள் அனைத்தையும் புதிதாக எடைபோட வைக்கிறது. காரணம், புரொபேட்டுக்குப் பயந்துதான் பல பெற்றோர் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பயத்துக்கு இன்று இடமில்லை. ஆனால் எழுதிக்கொடுக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதனால் வரும் துன்பம், புரொபேட்டால் வந்த துன்பத்தைவிடப் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், இந்தக் கட்டாயம் சென்னைக்கு ஏன் வந்தது என்று பார்ப்போம். 1726ஆம் ஆண்டின் அரச சாசனப்படி சென்னையில் அமைந்த மேயர் நீதிமன்றத்துக்கே புரொபேட் வழங்கும் அதிகாரம் இருந்தது. 1801இல் வந்த சுப்ரீம் கோர்ட்டும், 1862இல் வந்த உயர் நீதிமன்றமும் அதைத் தொடர்ந்தன. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கான நடைமுறை, 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்தின் மூலம் அந்த நகரங்களின் இந்துக்களுக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் அடங்கியது. முஸ்லிம்களின் உயிலுக்கு இந்தப் பிரிவு பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. ஆக, மயிலாப்பூரில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த மூவரில் ஒருவருடைய பிள்ளைகள் மட்டும் உயர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. மதத்தையும் ஊர் எல்லையையும் வைத்து ஏற்பட்ட இந்தப் பாகுபாட்டுக்கு இன்றைய வாழ்க்கையில் ஒரு நியாயமும் சொல்ல முடியாது. அது போனது நல்லதே.

புரொபேட் வாங்குவது எதிர்ப்பில்லாத குடும்பத்தில் அத்தனை கடினமல்ல. உயிலில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றாளர் மனுதாரராகி ஓ.பி. என்ற மூல மனுவைத் தாக்கல் செய்வார். மூல உயிலும் இறப்புச் சான்றும் இணைக்கப்படும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் உறுதிமொழி தருவார். மற்ற வாரிசுகள் சம்மதப் பிரமாணம் கொடுத்தால் காரியம் முடியும். நிறைவேற்றாளர் பெயரே உயிலில் இல்லையென்றால் புரொபேட் கிடைக்காது. உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம்தான் கிடைக்கும். யாராவது ஒருவர் ஆட்சேபித்துக் கேவியட் போட்டுவிட்டால் கதை மாறுகிறது. ஓ.பி. அப்போது டி.ஓ.எஸ். என்ற உரிமையியல் வழக்காகிறது. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடுகின்றன. வீட்டை விற்கவும் முடியாமல், அடமானம் வைக்கவும் முடியாமல் குடும்பம் தவிக்கும். மக்கள் பயந்தது இதற்குத்தான்.

உயிலே எழுதாமல் விட்டால் புரொபேட் தொல்லை இல்லையே என்று நினைப்பவர்களும் உண்டு. அது உண்மைதான். ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நங்கநல்லூரில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய ஒருவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். அவருடைய அம்மாவும் இருக்கிறார். உயில் இல்லாமல் அவர் இறந்தால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வீட்டை நான்காகப் பிரிக்கும். மனைவி, மகன், மகள், அம்மா ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. அம்மாவுக்குப் பங்கு உண்டு என்பதே பல வீடுகளில் தெரியாது. அந்த அம்மாவும் சில ஆண்டுகளில் உயில் எழுதாமல் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இறந்த மகனைத் தவிர இன்னொரு மகனும் ஒரு மகளும் இருந்தால், அவருடைய கால் பங்கு மூன்று கிளைகளாகப் பிரியும். சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒன்று. இருவருக்கும் சேர்த்து வீட்டில் ஆறில் ஒரு பங்கு. கணவர் கட்டிய வீட்டை விற்க, மனைவி இப்போது கொழுந்தனிடமும் நாத்தனாரிடமும் விடுதலைப் பத்திரம் கேட்டு நிற்கவேண்டும். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், ஒருவர் இறந்து அவருடைய பிள்ளைகள் வந்தால், கையெழுத்துகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

பெண்களின் சொத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது. பிள்ளை இல்லாத ஓர் இந்துப் பெண், கணவருக்குப் பின் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தன் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் கணவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. அவளைப் பெற்று வளர்த்த அம்மா அப்பாவுக்கு அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009இல் உச்ச நீதிமன்றமும் இரக்கத்தைக் காரணம் காட்டி அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டதன் பின்னணி இதுதான். சட்டத்தைத் திருத்துவதே சரியான தீர்வு. அதுவரை வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் உயில் எழுதிவைப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை.

தாசில்தார் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழ் இந்தச் சிக்கல்களைத் தீர்க்காது. இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. வங்கிப் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு அலைபவர்கள் அதிகம்.

இனி, தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பயன்படும் வழிக்கு வருவோம்: தான செட்டில்மெண்ட். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் முடிகிறது. வில்லங்கச் சான்றில் ஏறுகிறது. பட்டா மாறுகிறது. நீதிமன்றமே வேண்டாம். 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கும் ஐம்பதாயிரத்தில் வேலை முடிகிறது. புரொபேட்டைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை என்று பத்திர எழுத்தர்கள் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் தாயோ தந்தையோ பெரும்பாலும் படிப்பதில்லை. “இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்ற வாடிக்கையான வரி வந்துவிட்டால், அன்றே உரிமை போய்விட்டது. “என் காலத்துக்குப் பிறகு நீ அடைய வேண்டியது” என்று எழுதி, எந்த உரிமையையும் அன்றைக்குக் கொடுக்காமல் விட்டால், மேலே செட்டில்மெண்ட் என்று தலைப்பு இருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே படிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. உரிமையை இன்றே கொடுத்துவிட்டு, தானும் துணைவரும் வாழ்நாள் முழுதும் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அனுபவ உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. இப்படி அனுபவத்தை நிறுத்திக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாக்கியது. செட்டில்மெண்ட் எழுதியே ஆகவேண்டிய வீட்டில், இந்த ஒரு வாசகம் இல்லாத பத்திரத்தில் எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போடக்கூடாது.

அப்படி எழுதினாலும் ஆபத்து முழுவதும் தீராது. செட்டில்மெண்டை மனம் மாறித் திரும்பப் பெற முடியாது. ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிவு செய்வதை சென்னை உயர் நீதிமன்றம் ஏற்பதில்லை. மகனுக்குத் தொழிலில் கடன் ஏறினால், கடன்காரர் அவன் பெயரில் இருக்கும் வீட்டைத் தேடி வருவார். எல்லாவற்றையும்விட வேதனையான நிலை, வீட்டை வாங்கிக்கொண்ட மகன் பெற்றோருக்கு முன்னால் இறந்துவிடுவது. அப்போது வீடு அவனுடைய முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும்: மனைவி, பிள்ளைகள், அம்மா. வீட்டை எழுதிக்கொடுத்த அப்பாவுக்கு அதில் ஒரு சல்லிப் பங்கும் கிடையாது. அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு. அனுபவ உரிமையை நிறுத்திக்கொள்ளாதிருந்தால், தான் கட்டிய வீட்டில் அவர் மருமகளின் தயவில் இருக்கவேண்டியவராகிறார்.

பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து வீட்டை மீட்க ஒரு சட்டம் இருப்பது உண்மை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று நிலைநாட்டப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோரைக் காக்கவே வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுத்தேன் என்று இருந்தாலே பராமரிப்பு நிபந்தனை அதில் மறைந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. மனிதத்தன்மையுள்ள தீர்ப்பு அது. என்றாலும் எண்பது வயதில் பெற்ற பிள்ளை மீது மனு எழுதி, தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது. பராமரிப்பு நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிடுவது முதல் பாதுகாப்பு. எழுதிக்கொடுக்காமலே இருப்பது அதைவிட நல்ல பாதுகாப்பு.

முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு. கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு ஒருவருக்கே எழுதுவதற்கும் சுன்னி வழக்கில் சம்மதம் தேவை. வாழும்போதே ஹிபா என்ற தானம் கொடுப்பது ஆகவே பரவலான வழி. கொடுப்பதாக அறிவிப்பது, பெறுபவர் ஏற்பது, சுவாதீனத்தை ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நடந்தால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். மேலே சொன்ன எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும்.

அடுத்து நாமினி. “நாமினி போட்டாச்சு, இனிமேல் கவலையில்லை” என்ற பேச்சு நடுத்தர வர்க்க வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்புடையவர்தான், உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1983லேயே சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளிலும் அப்படியே என்று 2023 டிசம்பரில் உறுதி செய்தது. வங்கி டெபாசிட்டுக்கும் இதே நிலைதான். 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுத் திருத்தம் மட்டும், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பலனுக்கும் அவர்களே உரியவர் என்கிறது. அதையும் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி படிக்கவில்லை. ஆகவே நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று விட்டுச்செல்வது, வழக்குக்கு நாமே விதை போடுவது.

இதைச் சொல்லிவிட்டதால் நாமினி வேண்டாம் என்று பொருளல்ல. பணம் உடனே கைக்கு வருவது நாமினியால்தான். ஆஸ்பத்திரி பில்லும் காரியச் செலவும் காத்திருக்காது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்தும் கொடுக்கலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் வைக்கலாம். லாக்கருக்கு வரிசையாக மட்டுமே. உயிலில் எழுதிய அதே பங்கை இங்கேயும் எழுதிவிட்டால் முரண்பாட்டுக்கே இடமில்லை. வருங்கால வைப்பு நிதியில் இன்னொரு விஷயம்: கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினேஷன், கல்யாணமானதும் செல்லாமல் போய்விடும். முதல் வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவம் ஓய்வு வரை அப்படியே கிடப்பதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். குடும்பத்துக்கே தெரியாமல் கிடக்கும் டெபாசிட்டைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் திறந்த உத்கம் இணையதளம் உதவும். பத்து ஆண்டுகள் தீண்டப்படாத கணக்குப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது; போன பிறகும் வாரிசு கேட்டால் கிடைக்கும்.

காப்பீட்டில் அதிகம் பேசப்படாத ஒரு நல்ல வழி இருக்கிறது: 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம். மணமான ஆண் தன் ஆயுள் மீது மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று இந்தச் சட்டத்தின்கீழ் பாலிசி எடுத்தால், அந்தத் தொகை அவர்களுக்கான டிரஸ்டாகவே நிற்கும். கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. அவர் எழுதும் உயிலுக்கும் அது கட்டுப்படாது. இந்தச் சட்டத்தின் பயன் சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு 1913 டிசம்பர் 31க்குப் பிந்திய பாலிசிகளுக்கே கிடைத்தது. மற்ற மாகாணங்களுக்கு 1923இல்தான் வந்தது. நூறாண்டுக்கு மேலாக நம் கையில் இருக்கும் இந்த வழியை, தொழில் செய்யும் குடும்பங்களாவது எடுத்துக்கொள்ளவேண்டும். பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

கூட்டுப் பெயரில் வீடு வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் ஒருவருக்குப் பின் மற்றவருக்கு முழு வீடும் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் பொதுவாக அப்படி வராது. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் போகும்.

டிரஸ்ட் அமைப்பதே சிறந்தது என்ற அறிவுரை, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் மூலம் இங்குள்ள பெற்றோரை வந்தடைகிறது. அங்கே வாழும்போதே டிரஸ்ட் வைத்து, அதன்மூலம் புரொபேட்டைத் தவிர்ப்பது பரவலான பழக்கம்; 1965இல் நார்மன் டேசி எழுதிய புத்தகம் அதை வீடுதோறும் கொண்டுபோனது. அங்கே பொதுவாகச் சொத்தை எழுதிவைத்தாலும் வைக்காவிட்டாலும் நீதிமன்றம் போகவேண்டும் என்பதால் அதற்குத் தேவை இருந்தது. இங்கே சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கு வெளியே அந்தத் தேவை பெரும்பாலும் இருந்ததில்லை. இப்போது அந்நகரங்களிலும் இல்லை. வீட்டை டிரஸ்டுக்கு மாற்ற முத்திரைத் தீர்வை, ஆண்டுதோறும் கணக்கு, வருமான வரித் தாக்கல் என்று செலவுகள் தொடரும். 1985இல் இறந்தவரின் சொத்து மீதான எஸ்டேட் தீர்வையும் ரத்தாகிவிட்டதால் வரிக்காக டிரஸ்ட் வைக்கும் அவசியமும் சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. ஓர் இடத்தில் மட்டும் டிரஸ்டுக்கு மாற்றில்லை. ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயருக்கே வீட்டை எழுதுவதும் தவறு, அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று விடுவதும் தவறு. 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தனியார் டிரஸ்டை உயிலின் மூலமே அமைக்கலாம்; வளர்ந்த பிள்ளைக்குச் சட்டக் காப்பாளரை 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கும். இந்த இரண்டையும் பெற்றோர் தெம்போடு இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

ஆக, மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்று மிஞ்சுவது உயில்தான். முத்திரைத் தீர்வை கிடையாது. கடைசி மூச்சு வரை மாற்றலாம். வீடு நம் பெயரிலேயே இருக்கும். புரொபேட் கட்டாயம் போனாலும், சண்டை வந்தால் உயிலை நிரூபிக்கும் சுமை போகவில்லை என்பதை மறக்கக்கூடாது. சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்லவேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயதுள்ள இரண்டு நண்பர்களைச் சாட்சியாக வைத்தால், தேவைப்படும் நாளில் மூவரும் இருக்கமாட்டார்கள். சொத்தில் பங்கில்லாத, நாற்பது வயதுக்குட்பட்ட, முகவரி மாறாத இருவர்தான் நல்ல சாட்சிகள். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகளை விளக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958இல் சொன்னது இன்றும் அடிப்படை. நடுங்கும் கையெழுத்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் எல்லாம், அந்தப் பிள்ளையே உயில் எழுத ஓடியாடியது என்பவை எல்லாம் சந்தேகங்கள். ஒருவருக்குக் குறைவாகக் கொடுத்தால் காரணத்தை உயிலிலேயே இரண்டு வரியில் எழுதிவிடலாம். மகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் செய்ததைச் சொல்லி அவளை ஒதுக்கும் வழக்கமான வரியை நான் காரணமாக ஏற்கமாட்டேன். மகனின் படிப்புக்கும் செலவு செய்துதான் இருக்கிறோம். “இதில் சொல்லாத மற்ற சொத்துகள்” யாருக்கு என்ற வரியும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பிற்பாடு வாங்கிய மனை உயிலுக்கு வெளியே நிற்கும்.

பதிவு செய்வது கட்டாயமல்ல, ஆனால் செய்வது நல்லது. பதிவான உயில் சார்பதிவாளரின் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்றில் தெரியாது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் தரமாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வீட்டில் மனக்கசப்பு வரும் என்று தயங்குபவர்களுக்கு இந்த ஏற்பாடே போதும். அதுவும் வேண்டாம் என்றால் மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம்.

புரொபேட்டை விரும்பிக் கேட்கவேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஒரு பிள்ளை எதிர்க்கப் போகிறது என்று முன்பே தெரிந்தால், வெளிநாட்டில் சொத்து இருந்தால், பெரிய தொகைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் திருப்தியடையாவிட்டால், நீதிமன்ற முத்திரைக்கு இன்றும் மதிப்பு உண்டு. அது எவர் கேட்டாலும் காட்டக்கூடிய சான்று.

கட்டாயத்தை எடுத்ததில் ஒரு பாதுகாப்பும் சேர்ந்து போயிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். புரொபேட் மனு வந்தால் மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். போலி உயில் அங்கே அகப்படும். இனி பதிவில்லாத ஒரு தாளைக் கொண்டுவந்து பட்டா மாற்றம் கேட்கும் ஒருவரை வருவாய்த் துறை ஊழியர் நம்பிவிட்டால், வெளியூரில் இருக்கும் தங்கைக்கு வீடு கைமாறிய பிறகே தெரியும். தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு விதி கொண்டுவரலாம். பதிவில்லாத உயிலின் பேரில் பட்டா மாற்றும் முன், வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேருக்கும் நோட்டீஸ் அனுப்பி முப்பது நாள் அவகாசம் தரவேண்டும். மூன்றாம் புத்தகத்தில் உயில் இருக்கிறதா என்பதை இறப்புச் சான்றைக் காட்டி எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேடிக்கொள்ளும் வசதியும் வேண்டும். இன்று எந்த அலுவலகத்தில் பதிவானது என்று தெரியாத மகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கித்தான் தேடவேண்டியிருக்கிறது.